52 எச்7 போர் (உள்துளை) அளவு ஒரே ஷிஃப்டுக்குள் நகர்கிறது: எந்த எச்சரிக்கைக் கருவி, எங்கே?

கேள்வி: குறிச்சிப் பட்டறை

வணக்கம். கோவை குறிச்சியில் இரண்டு சி.என்.சி. டர்னிங் சென்டர்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்து வருகிறோம். மோட்டார் பம்புகளுக்கான வார்ப்பிரும்பு எண்டு கவர், அதாவது மோட்டாரின் முனையை அடைக்கும் மூடிதான் பெரும்பங்கு வேலை. அதில் 6205 பேரிங் உட்காரும் போர் 52 எச்7, அதாவது 52.000 முதல் 52.030 மில்லிமீட்டர் வரை இருந்தால்தான் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார்.

காலை ஷிஃப்ட் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் போர் மெல்லப் பெருத்துக்கொண்டே போய், பிறகு ஓரிடத்தில் நிலைக்கிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஓட்டும் முதல் இரண்டு மூன்று பொருள்கள் மறுபடியும் சிறுத்து வருகின்றன. மாலையில் இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய அளவு இன்னும் கீழே இறங்குகிறது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் டயல் போர் கேஜில் அளக்கிறோம். அளந்தது தப்பாக இருந்துவிட்டால், அதற்கு முந்தைய ஒன்பதையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, ஸ்பிண்டில் (பொருளைச் சுழற்றும் தண்டு) சுமையைக் கண்காணிக்கும் ஒரு கருவியையும், அதனுடன் மூன்று வண்ண விளக்கும் பஸ்ஸரும் கொண்ட கோபுரத்தையும் பொருத்தினால் துல்லியம் தானாகவே கூடிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது உண்மைதானா? ஏர் கேஜுடன் (காற்றைச் செலுத்தித் துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) எச்சரிக்கை விளக்கு வைப்பது இதைவிட மேலா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பு வைத்திருந்த பஸ்ஸர் ஓயாமல் அலறியதால் பையன்கள் அதற்குள் துணியைத் திணித்துவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமும் வரவில்லை. எனக்கே அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

பதில் 1: பழைய செட்டர்

வணக்கம் தம்பி. முதலில் விற்பனைப் பிரதிநிதி சொன்னதை எடுத்துக்கொள்வோம். சுமைக் கண்காணிப்பு பயனற்ற கருவி அன்று; டிரில் முறிந்தாலோ, ரஃப் (முதல் முரட்டு) வெட்டில் இன்சர்ட் உடைந்தாலோ, சுமை சட்டென ஏறுவதையோ விழுவதையோ கண்டு இயந்திரத்தை நிறுத்தும். ஆனால் உங்கள் ஃபினிஷ் (கடைசி நேர்த்தி) வெட்டின் ஆழம் எவ்வளவு? 0.2 மில்லிமீட்டர் இருக்குமா? அந்த வெட்டுக்கு ஸ்பிண்டில் எடுக்கும் சுமை, வெறுமனே சுழல்வதற்கு எடுக்கும் சுமையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதற்குள் பத்து மைக்ரான் தேய்மானத்தைச் சுமையின் கணக்கில் தேடுவது, லாரி எடை மேடையில் கறிவேப்பிலையை நிறுப்பதற்குச் சமம். உங்கள் நோய் அளவு நகர்வு. அவர் தர வந்தது முறிவுக்கான மருந்து.

இப்போது நகர்வு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் எக்ஸ் அச்சின் பால் ஸ்குரூ (திருகுத் தண்டு) எஃகு. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். தாங்குமிடத்திலிருந்து நட் வரை 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஸ்குரூ 5 டிகிரி சூடேறியதாகக் கொண்டால், டூல் 11.5 மைக்ரான் தள்ளிப்போகும். கடைசலில் ஆரத்தில் நேர்வது விட்டத்தில் இரட்டிப்பாகும் அல்லவா? ஆகவே போரில் 23 மைக்ரான். உங்களுக்கு அனுமதிக்கப்பட்டதே 30. எல்லா இயந்திரமும் இவ்வளவு நகரும் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் பெருப்பதும் சாப்பாட்டுக்குப் பின் சிறுப்பதும் இந்த ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பதே என் கணிப்பு. மாலையில் இறங்குவது மட்டும் தேய்மானம்.

எனவே உங்களுக்கு வேண்டியது இரண்டு வகையான எச்சரிக்கை. ஒன்று, பொருளை அளந்து சொல்வது. மற்றொன்று, பொருளை அளக்கும்படி ஆபரேட்டரை நிறுத்தி வைப்பது. இரண்டாவதற்குக் காசே வேண்டியதில்லை. உங்கள் இயந்திரத்தின் கணினிக் கட்டுப்பாடு ஃபானுக் என்றால், அதில் மேக்ரோ (நிரலுக்குள் கணக்கும் நிபந்தனையும் எழுதும்) வசதி திறந்திருந்தால், #3001 என்னும் மாறி மில்லிசெகண்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். நிரலின் இறுதியில் அதன் மதிப்பை #500இல் எழுதி வையுங்கள். அது மின்சாரம் போனாலும் அழியாது. அடுத்த சுழற்சியின் தொடக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 600000ஐத் தாண்டியிருந்தால் இயந்திரம் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றிருக்கிறது என்று பொருள். வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் மின்சாரம் அணைத்துப் போடப்பட்டிருக்கிறது. ஏனெனில் இயந்திரத்தைப் போட்டதும் #3001 பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த இரண்டில் எதுவானாலும், அந்தப் பொருளை வெட்டி முடித்த பிறகு #3006 மூலம் ஒரு செய்தியைக் காட்டி நிறுத்துங்கள். ஆபரேட்டர் போரை அளந்து, வேண்டுமானால் ஆஃப்செட் (டூலின் நிலையைத் திருத்தும் எண்) திருத்தி, சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் வேலை தொடரும். #3000ஐப் பயன்படுத்தினால் அது அலாரமாகவே விழுந்து, ரீசெட் கேட்கும். இந்த வேலைக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். நிரல் வரிக்குள் தமிழ் எழுத்து ஏறாது என்பதால், அந்தச் செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

முதல் வகைக்கு ஏர் கேஜ்தான் சரி. அளக்கச் சில நொடிகள் போதும் என்பதால், அடுத்த பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிவந்ததை அளந்துவிடலாம். பத்துக்கு ஒன்று என்ற பேச்சே இருக்காது. ஆனால் விளக்கின் எல்லையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல பட்டறைகளில் சிவப்பை 52.000இலும் 52.030இலும் வைத்துவிட்டு, இடையில் முழுக்கப் பச்சை என்று விட்டுவிடுகிறார்கள். அது எச்சரிக்கை அன்று, இரங்கல் செய்தி. அனுமதியை நான்காகப் பிரித்து, நடுப் பாதியை மட்டும் பச்சையாக வையுங்கள்: உங்களுக்கு 52.0075 முதல் 52.0225 வரை. அதற்கு இருபுறமும் உள்ள கால் கால் பங்கு மஞ்சள். அதற்கு வெளியே சிவப்பு. இதற்கு பிரீ-கன்ட்ரோல் என்று பெயர். 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. செட்டிங் முடிந்ததும் தொடர்ந்து ஐந்து பொருள் பச்சையில் விழுந்தால்தான் உற்பத்தியைத் தொடங்கலாம். பிறகு ஒரு மஞ்சள் வந்தால் அடுத்த பொருளையும் பாருங்கள்; அதுவும் அதே பக்கத்து மஞ்சள் என்றால் ஆஃப்செட்டைத் திருத்துங்கள். ஒன்று மேல் மஞ்சள், அடுத்தது கீழ் மஞ்சள் என்று வந்தால் ஆஃப்செட்டைத் தொடவே தொடாதீர்கள். அது நகர்வு இல்லை, ஆட்டம். பொருளைப் பிடிக்கும் சக்கையோ, டூல்களைத் தாங்கும் டர்ரெட்டையோ, போரிங் பாரின் பிடிப்பையோ பார்க்க வேண்டும். சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

துணி திணித்த கதைக்கு வருகிறேன். "புலி வருது, புலி வருது" என்று நாளெல்லாம் கத்தினால், புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மஞ்சளுக்கு விளக்கு மட்டும் போதும். பஸ்ஸரைச் சிவப்புக்கு மட்டும் கொடுங்கள். ஆயில் குறைவு, கூலண்ட் குறைவு, கதவு திறப்பு எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸரில் கட்டியிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

பதில் 2: ஓசூர் கிரைண்டிங்

நான் கடைசல்காரன் அல்லன். பேரிங் ஏறும் ஷாஃப்ட்டுகளைக் கிரைண்டிங் செய்பவன். எங்கள் பக்கத்தில் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்து வெகு காலமாகிறது. இத்தாலியின் பொலோனியாவில் 1952இல் தொடங்கிய மார்பாஸ் போன்ற நிறுவனங்களின் அளவிகள், கல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஷாஃப்ட்டின் விட்டத்தை இருபுறமும் விரல் வைத்து அளந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட அளவு மிச்சமிருக்கும்போது ஒரு சைகை கொடுக்கும். இயந்திரம் வேகமான ஊட்டத்திலிருந்து மெதுவான ஊட்டத்துக்கு மாறும். அடுத்த சைகையில் ஊட்டம் நின்று தீப்பொறி மட்டும் தணியும். கடைசிச் சைகையில் கல் பின்வாங்கும். அங்கே யாரும் மணியடிப்பதில்லை, யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதுமில்லை. கல் தேய்ந்தாலும் இயந்திரம் சூடானாலும், முடிவைத் தீர்மானிப்பது பொருளின் அளவே.

கடைசலில், அதுவும் போரில், வெட்டும்போதே அப்படி அளப்பது சிப்பும் கூலண்டும் நிறைந்த இடத்தில் எளிதன்று என்பது தெரியும். ஆனாலும் பழைய செட்டர் ஐயா சொன்னதுடன் ஒன்று சேர்ப்பேன்: ஏர் கேஜில் சிவப்பு விழுந்தால், அதன் ரிலே (மின் சுவிட்ச்) வழியாக அடுத்த சைக்கிள் ஸ்டார்ட் எடுக்காதபடி பூட்டிவிடுங்கள். விளக்கைப் பார்ப்பதும் பாராததும் மனிதனின் விருப்பம். பூட்டு அப்படி அன்று. இதை ஒருபோதும் அவசர நிறுத்தச் சுற்றில் கோத்துவிடாதீர்கள். பாதி வெட்டில் இயந்திரம் அப்படியே நின்றால் இன்சர்ட்டும் போகும், பொருளும் போகும். தவிர, அந்தச் சுற்று உயிரைக் காப்பதற்கானது, அளவைக் காப்பதற்கானது அன்று. சுழற்சி தொடங்குவதைத் தடுக்கும் உள்ளீட்டில்தான் கொடுக்க வேண்டும். அதை இயந்திரத்தின் எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்: குறிச்சிப் பட்டறை

இருவருக்கும் நன்றி. கட்டுப்பாடு ஃபானுக்தான்; மேக்ரோ திறந்திருக்கிறது. சுமைக் கண்காணிப்பை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: ஏர் கேஜுக்குப் பதிலாக இயந்திரத்துக்குள்ளேயே டர்ரெட்டில் டச் புரோப் (பொருளைத் தொட்டு அளக்கும் கருவி) பொருத்தி, அது அளவு தப்பினால் அலாரம் போடும்படி செய்தால், ஆபரேட்டர் கையே படாமல் முடிந்துவிடுமே?

பதில் 3: அளவியல் வாத்தியார்

பாலிடெக்னிக்கில் அளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பழக்க தோஷத்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டச் புரோப் அருமையான கருவி. கான்கார்டு விமானத்தின் எஞ்சின் குழாய்களை அளக்க வேண்டிய நெருக்கடியில் 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிறந்தது. அதிலிருந்துதான் ரெனிஷா நிறுவனமே உருவாயிற்று. அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தொடும் திறன் ஒரு மைக்ரான் அளவுக்கு இருக்கும். ஆனால் உங்கள் வழக்கில் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. தொட்ட கணத்தில் எக்ஸ் அச்சு எங்கே இருந்தது என்பதைச் சொல்வது எது? அதே பால் ஸ்குரூவின் மோட்டாரில் உள்ள என்கோடர் (சுழற்சியை எண்ணும் கருவி). ஸ்குரூ சூடாகி நீண்டுவிட்டது என்றால், வெட்டியதும் தப்பு, அளந்ததும் அதே அளவு தப்பு. இரண்டும் ஒன்றையொன்று ஆமோதித்துப் பச்சை காட்டும். திருடனையே சாட்சிக்கு அழைத்த கதை. அச்சின் இடத்தை நேரடியாக அளக்கும் நேரியல் ஸ்கேல் பொருத்திய இயந்திரமாக இருந்தால் நிலைமை மாறும். அது இல்லையென்றால், அளவு தெரிந்த ஒரு மாஸ்டர் ரிங்கை (ஒப்பிட உதவும் வளையம்) இயந்திரத்துக்குள் நிரந்தரமாகப் பொருத்தி, அவ்வப்போது புரோப் அதை முதலில் தொட்டு, அதில் வரும் வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு பொருளை அளக்க வேண்டும். இரண்டு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு இவ்வளவு தேவையா என்பது உங்கள் முடிவு. எனக்கு ஏர் கேஜே போதும் என்று தோன்றுகிறது, ஏனெனில் அது இயந்திரத்துக்கு வெளியே நிற்கும் சாட்சி.

ஏர் கேஜுக்கும் நோய்கள் உண்டு. முதலாவது காற்று. மழைக்காலத்தில் கம்ப்ரஸரிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வந்தால், கேஜின் துளையில் படிந்து அளவு மெல்ல நகரும். நீங்கள் போர் நகர்கிறது என்று எண்ணி ஆஃப்செட்டைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். வடிகட்டியும் உலர்த்தியும் கேஜின் ஒரு பகுதி என்று கருதுங்கள். 52.000, 52.030 ஆகிய இரண்டு மாஸ்டர் ரிங்குகளையும் ஷிஃப்ட் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வெப்பம். நீள அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுபவை. கோவை பட்டறையில் 20 டிகிரிக்கு மார்கழி அதிகாலையில்தான் வாய்ப்பு. அது பெரிய குறை அன்று, ஏனெனில் பொருளும் ரிங்கும் ஒரே சூட்டில், ஏறத்தாழ ஒரே அளவு விரியும் உலோகத்தில் இருந்தால் வித்தியாசம் கழிந்துவிடும். ஆனால் வெட்டி முடித்த கையோடு, ரிங்கைவிடப் பத்து டிகிரி சூடான எண்டு கவரை அளந்தீர்களென்றால், 52 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு ஐந்தரை மைக்ரான் அளவுக்குப் பெருத்துக் காட்டும். மஞ்சள் பட்டையின் அகலமே ஏழரை மைக்ரான் என்பதை மறக்க வேண்டாம். கூலண்ட் பாய்கிற வேலை என்றால் பொருள் அவ்வளவு சூடாகாது. உலர் வெட்டு என்றால், இரண்டு பொருள் ஆறிய பிறகு அளக்கும்படி ஒரு தட்டு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பலர் கண்ணில் படாதது. மெல்லிய சுவருள்ள எண்டு கவரை மூன்று ஜா (பற்றும் தாடை) உள்ள சக்கில் இறுக்கிப் போரிட்டால், வெட்டும்போது வட்டமாகத்தான் இருக்கும். சக்கைத் தளர்த்தியதும் சுவர் திரும்பி, மூன்று மூலையுள்ள வடிவமாக மாறிவிடும். இரண்டு துளை எதிரெதிராக உள்ள ஏர் பிளக்கால் (போருக்குள் நுழையும் ஏர் கேஜின் முனை) இதைக் காண முடியாது. ஒரு பக்கம் உப்பிய இடத்துக்கு எதிரே உள்ளடங்கிய இடம் நிற்பதால், எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டம் ஒன்றுபோலவே காட்டும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பேரிங்கோ உள்ளே போய் இறுகி, மோட்டாரில் சத்தம் எழும். நாள் முழுக்கப் பச்சை, ஆனாலும் வாடிக்கையாளரிடமிருந்து புகார் என்ற நிலை வந்தால், மூன்று துளையுள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். சக் அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கைக் கருவியை யாரும் குறிப்பிடவில்லை. சக்கில் பொருள் சாயும் முகத்தில் ஒரு சிறு துளையிட்டு, அதன் வழியே காற்றை விடுங்கள். பொருள் சரியாகப் படிந்தால் துளை அடைபட்டு அழுத்தம் ஏறும். இடையில் ஒரு சிப் சிக்கியிருந்தால் காற்று கசிந்து அழுத்தம் ஏறாது, இயந்திரம் சுழற்சியைத் தொடங்காது. இது வெட்டுவதற்கு முன்பே ஒலிக்கும் அலாரம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் இது காப்பது போரின் விட்டத்தை அல்ல. முகத்துக்குப் போர் செங்குத்தாக இருப்பதை.

ஓர் உபரிச் செய்தி. பாவு நூல் அறுந்தால் தானே நிற்கும் ஜி வகைத் தறியை ஜப்பானில் சகிச்சி டொயோடா முடித்தது 1924இல். அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தைத் தம் மேலாளருக்கு எழுதிக் கொடுத்ததும் அதே 1924இல்தான். ஒருவர் இயந்திரமே நிற்க வேண்டும் என்றார். மற்றவர் எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பதற்குக் கணக்குச் சொன்னார். தறி ஊரான கோவையில் முதலாவது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதைத்தான் நான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்ல வேண்டியிருந்தது.

பதில் 4: பழைய செட்டர்

வாத்தியார் ஐயா சொன்ன அந்த இரண்டாவதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சொல். ஏர் கேஜ் வந்த முதல் வாரத்தில் பையன்கள் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மைக்ரான் கூட்டிக் குறைத்து விளையாடுவார்கள். முள் தெரிகிறதே, சும்மா இருக்க மனம் வராது. ஆட்டம் குறையாது, கூடும். பச்சைக்குள் இருக்கும்வரை ஆஃப்செட் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: குறிச்சிப் பட்டறை (ஆறு வாரம் கழித்து)

நடந்ததை எழுதுகிறேன். மேக்ரோவை அன்றே போட்டோம். முதல் வாரம் திட்டிக்கொண்டேதான் அளந்தார்கள். இப்போது சாப்பிட்டு வந்ததும் செய்தி வருவதற்கு முன்பே கேஜைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். காலையில் பொருள் ஏற்றாமல் ஸ்பிண்டிலையும் எக்ஸ் அச்சையும் இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றும் ஒரு நிரலையும் சேர்த்துக்கொண்டோம். காலை நகர்வில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிட்டது. அலாரம் கேட்க வந்த எனக்கு, அலாரமே தேவைப்படாத வழி முதலில் கிடைத்தது வேடிக்கைதான்.

ஏர் கேஜ் வந்து மூன்று வாரமாகிறது. மஞ்சளுக்கு விளக்கு, சிவப்புக்குப் பஸ்ஸர், அதோடு சைக்கிள் ஸ்டார்ட் பூட்டு. பஸ்ஸர் இதுவரை நான்கு முறை ஒலித்தது. அதில் மூன்று முறை உண்மையாகவே போர் எல்லைக்கு வெளியே. நான்காவது, வாத்தியார் ஐயா எச்சரித்த தண்ணீர். மழை பெய்த மறுநாள் காலை ரிங்கைப் போட்டுப் பார்த்தபோது 52.000 ரிங்கே 52.006 காட்டியது. வடிகட்டியின் கிண்ணத்தைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர்.

ஒரு கேள்வி மிச்சம். ஒரு வாரமாக எல்லாம் பச்சை. ஆனாலும் வாடிக்கையாளரின் அசெம்பிளியில் இரண்டு கவர்களில் பேரிங் இறுகியதாகச் சொன்னார்கள். அவற்றை வாங்கி வந்து எங்கள் பிளக்கில் போட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் 52.012. சக் அழுத்தத்தை எவ்வளவு வரை குறைக்கலாம்?

பதில் 5: அளவியல் வாத்தியார்

அந்த இரண்டையும் தனியே எடுத்து வையுங்கள், மறுபடி கடையாதீர்கள். கவர் வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) உட்காரும்படி இருந்தால், வெளிவிட்டத்தைத் தாங்கி வைத்து உள்ளே டயல் முள்ளை ஓட்டி ஒரு சுற்று திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் முள் மூன்று முறை ஏறி இறங்கினால் ஐயமில்லை. வெளிவிட்டமே கடையாத வார்ப்புத் தோலாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது வட்டத்தன்மை அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்துக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அழுத்தத்துக்கு நான் எண் சொன்னால் தவறாகும், ஏனெனில் ரஃப் வெட்டில் பொருள் நழுவாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்சம் உங்கள் வெட்டு ஆழத்தைப் பொறுத்தது. ரஃபை முழு அழுத்தத்தில் முடித்து, ஃபினிஷுக்கு முன் அழுத்தத்தைக் குறைக்கும் இரட்டை அழுத்த வசதி உங்கள் ஹைட்ராலிக் சக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், போரின் விட்டத்தை அமுக்காமல் முகத்தை அமுக்கும் ஃபிக்சரைப் பற்றிப் பேசுவோம். வரைபடம் இருந்தால் இடுங்கள்.